குறைந்தபட்ச அழுக்கு

குழந்தைகளின் பற்பசையில் ஃப்ளோரைடு எவ்வளவு வீரியமாக இருக்கலாம் என்ற கேள்வி வெகு காலமாகவே அரசாங்கத்தின் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது. குழந்தைகளின் பல்லை எது அரித்துக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம். பல் அரித்தால் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். அரசாங்கத்தின் மனமே அரித்தால் ஒரு பிரிவைத் தொடங்கி, அதற்கு ஓர் இயக்குநரைப் போட்டு, அவருக்கு ஒரு சுழல் நாற்காலி வாங்கிக் கொடுத்தால்தான் அரிப்பு அடங்கும்.

அப்படிப் பிறந்ததுதான் குழந்தைகள் பற்படல ஆய்வுப் பிரிவு. பற்படலம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. காலையில் எழுந்ததும் பல்லை நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி வெள்ளையாக வருமே, அதுதான். வீட்டில் அதற்கு அழுக்கு என்று பெயர். அலுவலக வாசற்படியைத் தாண்டிவிட்டால் பற்படலம்.

திட்டம் எளிமையானது. குழந்தைகளுக்கு மூன்று விதமான பேஸ்ட் கொடுப்பது. பச்சை மூடி போட்டது லைட், மஞ்சள் மூடி மீடியம், சிவப்பு மூடி ஸ்ட்ராங். சில மாதம் தேய்க்க வைத்து, எந்த மூடிக்காரர்களின் பல்லில் அழுக்கு அதிகமாகக் குறைந்திருக்கிறது என்று பார்ப்பது. இதில் யாருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை. அதுதான் இயக்குநருக்கு முதலிலிருந்தே கொஞ்சம் உறுத்தலாக இருந்தது.

அந்தப் பிரிவில் ஒரு குழந்தையின் வாய்க்குள் நிஜமாகவே எட்டிப் பார்த்த ஆள் ஒருவர்தான் இருந்தார். அவர் பல் டாக்டர். சாதுவான மனிதர். அவருக்கு ஒரே மகள். பால்பல் விழுந்து முன்னால் இரண்டு புதுப் பல் பெரிதாக முளைத்திருந்ததால் வீட்டில் அவளுக்கு முயல் என்று பெயர் வந்துவிட்டது.

தினமும் சாயங்காலம் சாப்பாடு முடிந்ததும் அப்பாவும் மகளும் வாஷ்பேசின் முன்னால் போய் நிற்பார்கள். பிரஷ்ஷில் பட்டாணி அளவு பேஸ்ட். முன்பல் இரண்டும் வாசல்காரர்கள். பக்கத்தில் கூராக நிற்பவர் கத்திக்காரர். பின்னால் இருக்கும் கடைவாய்ப் பற்கள் அரவை மில். வாசல்காரர்களுக்கு வணக்கம் சொல்லி, கத்திக்காரரைக் கோபப்படுத்தாமல் தாண்டி, மில்லைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டு வர வேண்டும் என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. நாள் முழுவதிலும் டாக்டருக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான்.

ஆய்வின் தொடக்க நாள் வந்தது. அலுவலகத்துக்கு அடுத்த தெருவிலேயே ஒரு பள்ளிக்கூடம் இருந்ததால் அதையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு சாய மாத்திரையை மென்றார்கள். பல்லில் எங்கே அழுக்கு இருக்கிறதோ அங்கே மட்டும் இளஞ்சிவப்பாகச் சாயம் பிடிக்கும். கொப்பளித்துத் துப்பிவிட்டு எல்லாக் குழந்தைகளும் ஈ என்று காட்டினார்கள்.

அத்தனையும் வெள்ளை வெளேர் என்று இருந்தது.

இயக்குநர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். "அழுக்கு எங்க டாக்டர்?"

"இல்ல சார்." டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. "பசங்க ஒழுங்கா தேய்க்கறாங்க."

"யார் சொல்லிக் கொடுத்தது?"

"நான்தான் சார். பெரிய பொம்மைத் தாடை ஒண்ணு வச்சிருக்கேன். வாரா வாரம் எடுத்துட்டு வந்து பாடம் எடுப்பேன்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ஏன் டாக்டர் இப்படிப் பண்ணீங்க?"

"சார்?"

"இல்லாத அழுக்கு குறையுமா?"

"குறையாது சார்."

"குறையலேன்னா, பேஸ்ட்டுல பலன் இல்லேன்னுதானே நான் அறிக்கை எழுதணும்? ஒரு தப்பும் பண்ணாத பேஸ்ட். அதோட பேரை இப்படிக் கெடுத்து வச்சிருக்கீங்களே."

டாக்டர் இந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை. தம்மை அறியாமல் மன்னிப்புக் கேட்டுவிட்டார். பொம்மைத் தாடை அன்றைக்கே அலுவலக அலமாரிக்குள் போயிற்று. ஆய்வில் சேர விரும்பும் குழந்தையின் வாயில் குறைந்தது பாதியாவது இளஞ்சிவப்பாக வர வேண்டும் என்று உத்தரவு வெளியானது. அதற்குக் குறைந்தபட்சப் பற்படலத் தகுதி என்று பெயர் சூட்டினார்கள்.

உத்தரவில் இருந்த தகுதி என்ற ஒரு சொல்தான் ஊரைப் புரட்டிப் போட்டது. அதுவரை யாரும் அந்தப் பேஸ்ட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் கிடைக்காது என்று தெரிந்ததும் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. தேர்வான குழந்தைக்கு வெல்வெட் பெட்டியில் வைத்து ட்யூப்பைக் கொடுத்தார்கள். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜும் உண்டு. பச்சை மூடி கிடைத்தவர்கள் சும்மா தலையாட்டிவிட்டுப் போனார்கள். மஞ்சள் மூடி கிடைத்தவர்கள் சொந்தக்காரர்களுக்கு ஃபோன் போட்டார்கள். சிவப்பு மூடி கிடைத்தவர்கள் ஃபோனைக்கூட எடுக்கவில்லை. குலுக்கல் முறையில்தான் மூடி கிடைக்கிறது என்று டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். குலுக்குகிறவரை யாருக்குத் தெரியும் என்று திருப்பிக் கேட்டார்கள்.

பெரிய கடைவீதியில் பற்படலப் பயிற்சி மையம் ஒன்று திறந்தார்கள். பள்ளி விட்டதும் குழந்தைகள் அங்கே போய், ஒட்டுகிற மிட்டாயாக வாயில் போட்டு, நாக்கால் பல்லைத் தொடாமல் உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொண்டார்கள். லீவு நாட்களில் தீவிரப் பயிற்சி. சாயம் பிடித்த பல்லோடு சிரிப்பது கௌரவமாகி, வெள்ளைப் பல் தெரியச் சிரிப்பது கூச்சப்படும்படியான காரியமாயிற்று. பெரியவர்கள்கூட அழகு நிலையத்துக்குப் போய் முன்பல்லில் லேசாக இளஞ்சிவப்பு ஏற்றிக்கொண்டு, பிள்ளையோடு சேர்ந்து தாங்களும் மென்றதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

இதெல்லாம் ஊரோடு போயிருந்தால் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு சும்மா இருந்திருப்பார். அது வீட்டுக்குள் வந்தது.

"என்னங்க, எதிர்வீட்டு என்ஜினீயர் பையனுக்குச் சிவப்பு மூடி கிடைச்சிருக்காம்," என்றாள் மனைவி.

"நல்லது."

"என்ன நல்லது? பெட்டியை ஷோகேஸ்ல வச்சு உள்ள லைட் வேற போட்டிருக்காங்க. ஜன்னலைத் திறந்தா அதான் தெரியுது. பல் டாக்டர் பொண்ணுக்கு ஒரு பச்சை மூடிக்குக்கூட வழியில்ல."

"அவ வாயில அழுக்கு இல்லம்மா. அதுக்கு நான் என்ன பண்றது?"

"நீங்கதான பண்ணீங்க? தினம் சாயங்காலம் கூட்டிட்டுப் போய்த் தேய்ச்சு விட்டது யாரு, நானா?"

"அது ஒண்ணும் அதிசயப் பேஸ்ட் இல்ல. கடையில கிடைக்கிறதேதான்."

"கடையில யாருக்கு வேணும்னாலும் கிடைக்கும். அதுக்குப் பேரு கிடைக்கறதா?"

உள்ளதைச் சொல்ல வேண்டும், டாக்டருக்கும் ஒரு மூலையில் ஆசை இருந்தது. மகள் பேட்ஜ் குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை நினைத்துப் பார்த்தார். கொஞ்ச நாள் தேய்க்காமல் இருந்து சீட் வாங்கிவிட்டால், அப்புறம் அந்தப் பேஸ்ட்டை வைத்தே தேய்த்துச் சரிசெய்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். பிரஷ்ஷை எடுத்துப் பரண்மேல் வைத்தார்.

"ஏம்பா தேய்க்கக் கூடாது?" என்றாள் முயல்.

"அழுக்கு சேரணும் கண்ணு."

"அழுக்கு சேந்தா சொத்தை வரும்னு நீதான சொன்ன?"

"வரும். ஆனா அது வர்றதுக்குள்ள பேஸ்ட் வந்துடும்."

முயல் கெட்டிக்காரப் பெண். எதைச் சொல்லிக் கொடுத்தாலும் ஒழுங்காகச் செய்வாள். அழுக்கையும் அப்படித்தான் சேர்த்தாள். தேர்வு நாளில் மாத்திரையை மென்றுவிட்டு அவள் சிரித்தபோது வாசல்காரர்கள் இருவரும் ரோஜா நிறத்தில் நின்றார்கள். இயக்குநர் எழுந்து வந்து டாக்டரின் கையைக் குலுக்கினார். "வாழ்த்துகள் டாக்டர். பிரமாதமான படலம். எப்படியும் உங்க ரத்தம்தானே." குலுக்கலில் சிவப்பு மூடியே விழுந்தது. அன்று மனைவி எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தாள்.

சாயங்காலம் டாக்டர் ஆசையாகப் பிரஷ்ஷைப் பரணிலிருந்து இறக்கினார். பெட்டியைத் திறக்கப் போனவரின் கையை மனைவி பிடித்துக்கொண்டாள். பெட்டிக்குள்ளேயே அச்சடித்த காகிதம் ஒன்று இருந்தது. இடைக்காலப் பரிசோதனையில் யாருக்காவது பற்படலம் தகுதி அளவுக்குக் கீழே குறைந்திருந்தால், அவர் பயனாளிகளிலிருந்து நீக்கப்பட்டு ட்யூப் திரும்பப் பெறப்படும் என்று அதில் போட்டிருந்தது.

மறுநாள் காலை டாக்டர் இயக்குநரின் அறைக்குள் போனார்.

"சார், அழுக்கு குறைஞ்சா பேஸ்ட் வேலை செஞ்சுதுன்னு அர்த்தம். நாம பாக்க வேண்டியதே அதுதானே?"

"அர்த்தம் சரிதான் டாக்டர். ஆனா குறைஞ்ச பிறகு அந்தக் குழந்தைக்குத் தகுதி போயிடுதே. இது அழுக்குள்ள குழந்தைகளுக்கான திட்டம். அழுக்கில்லாத குழந்தைக்கு அரசாங்கப் பேஸ்ட்டைக் கொடுத்தேன்னு தணிக்கைக்காரங்க கேட்டா நான் என்ன சொல்றது?"

"அப்ப யார் சார் தேய்ப்பாங்க?"

"தேய்க்கறதுக்குத்தானே கொடுத்திருக்கோம்? தாராளமா தேய்க்கலாம். குறையக் கூடாது. அவ்வளவுதான்."

டாக்டர் வெளியே வந்து வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றார். சொன்னதில் எங்கே தப்பு என்று தேடிப் பார்த்தார். ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாகச் சரியாகத்தான் இருந்தது.

பேஸ்ட் கிடைத்த எந்த வீட்டிலும் யாரும் பல் தேய்க்கவில்லை. ட்யூப்கள் ஷோகேஸில் இருந்தன. வாரம் ஒரு முறை மெல்லிய துணியால் தூசி தட்டினார்கள். விருந்தாளி வந்தால் எடுத்துக் கையில் கொடுத்து, அமுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

முயல் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட ஆரம்பித்தாள். பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்து விழுங்கினாள். ஒரு நாள் அவள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த டாக்டர், ஜன்னல் வெளிச்சத்துக்கு அழைத்துப் போய்ச் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். அரவை மில்லில் பழுப்பாக ஒரு குழி விழுந்திருந்தது. புதிதாக முளைத்த வாசல்காரர்கள்மேல் சுண்ணாம்புக் கோடு போல ஒரு வெள்ளை ஓடியிருந்தது. சொத்தைக்கு அதுதான் முதல் படி. வேலைக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ பேரின் சொத்தைப் பல்லை அவர் பார்த்திருக்கிறார். தாமே உண்டாக்கிய ஒன்றைப் பார்ப்பது இதுதான் முதல் முறை. அவருக்கு அழுகை வந்தது. மகளின் முன்னால் அழக் கூடாது என்று திரும்பிக்கொண்டார்.

"இப்பவே தேய்ச்சு விடறேன். சீட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

மனைவியின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "எனக்கு மட்டும் வலிக்கலியா? நாளைக்குக் கடைசி அளவுங்க. இவ்வளவு நாள் பொறுத்தாச்சு. இப்ப நீக்கிட்டாங்கன்னா இந்த வலி வீணாப் போயிடுமே."

"நான் பொறுத்துக்கறேம்பா," என்றாள் முயல். "எனக்குச் சிவப்பு மூடில்ல?"

டாக்டர் வலிக்கு மருந்து கொடுத்தார். பிரஷ் மறுபடியும் பரண்மேல் ஏறியது. அந்த ஒரு நாளுக்காக அவர் பிற்பாடு தம்மை நிறையத் திட்டிக்கொண்டார்.

கடைசி அளவன்று காலையில் இன்னொரு செய்தி வந்தது. பேஸ்ட்டை முறையாகப் பயன்படுத்தியதற்கு அத்தாட்சியாக ஒவ்வொருவரும் காலி ட்யூப்பை ஒப்படைக்க வேண்டுமாம். தெருவே கதிகலங்கியது. ஷோகேஸ்கள் திறந்தன. வீட்டுக்கு வீடு வாஷ்பேசின் முன்னால் குடும்பத்தோடு நின்று ட்யூப்பை அமுக்கினார்கள். எதிர்வீட்டு என்ஜினீயர் பூரிக்கட்டையை வைத்து உருட்டி எடுத்தார்.

டாக்டரும் அமுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் முயல் வந்து நின்றாள். எப்படியோ நாற்காலி போட்டுப் பரணிலிருந்து பிரஷ்ஷை எடுத்திருந்தாள்.

"இதுல கொஞ்சம் போடுப்பா."

"சாயங்காலம் கண்ணு. அளவெடுத்து முடியட்டும்."

"அதுக்குள்ள தீந்துடுமே."

"ஆமா," என்றார் டாக்டர்.

முயல் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். தெருச் சாக்கடையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெள்ளை நுரை பொங்கி ஓடிக்கொண்டிருந்தது. "சாக்கடைக்கு ஸ்ட்ராங்காப்பா?" என்று கேட்டாள். டாக்டர் மூடியைத் திருகி மூடினார்.

முடிவு அறிவிக்கும் கூட்டம் அன்று சாயங்காலமே நல்ல மண்டபத்தில், நல்ல மைக்குடன் நடந்தது. இயக்குநர் எழுந்து, பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்று வீரியங்களுக்கும் இடையே எள்ளளவும் வித்தியாசம் தென்படவில்லை என்று அறிவித்தார். மூன்றிலும் அழுக்கு ஒரே மாதிரி கூடியிருந்தது. பேஸ்ட்டே கிடைக்காத குழந்தைகளைவிட, கிடைத்த குழந்தைகளுக்கு அழுக்கு அதிகம் என்ற அரிய உண்மையும் தெரியவந்திருந்தது. "ஆகவே," என்றார், "வீரியம் போதவில்லை என்ற முடிவுக்கு நாம் வர வேண்டியிருக்கிறது." கைதட்டல் எழுந்தது. தெருச் சாக்கடைகளின் பாசி முழுதும் நீங்கிப் புதினா மணம் கமழ்வதாகச் சுகாதார ஆய்வாளர் பாராட்டியிருந்ததையும் வாசித்து, அதைத் திட்டத்தின் கூடுதல் பயன் என்று குறிப்பிட்டார்.

டாக்டர் எழுந்து நின்றார். அலுவலக வாழ்க்கையில் அவராக எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. "சார், யாருமே தேய்க்கல சார். எல்லாப் பேஸ்ட்டும் சாக்கடையில போச்சு."

இயக்குநர் கோபப்படவில்லை. "அப்படியா டாக்டர்? காலி ட்யூப் எல்லாம் முறைப்படி வந்து சேந்திருக்கே. உங்க வீட்டு ட்யூப்பும்தான். நல்லா வழிச்சுக் கொடுத்திருந்தீங்க."

டாக்டர் உட்கார்ந்தார்.

இரண்டாம் கட்டத்துக்குக் கறுப்பு மூடி என்று அறிவித்தார்கள். சிவப்பைவிட ஸ்ட்ராங். முதல் கட்டத்தில் அழுக்கு குறையாத குழந்தைகளுக்கே அதில் முன்னுரிமை. தேர்வு மறுநாளே. கறுப்பு மூடி என்றதும் மண்டபத்தில் பெற்றோர்கள் மூச்சை இழுத்துப் பிடித்த சத்தம் மைக்கில் கேட்டது.

கூட்டம் முடிந்த கையோடு டாக்டர் முயலைத் தம் கிளினிக் நாற்காலியில் உட்காரவைத்தார். சொத்தையைச் சுரண்டி எடுத்து அடைத்தார். அவள் அழவில்லை. வழியில் மூலைக்கடையில் சாதாரணப் பேஸ்ட் ஒன்று வாங்கிக்கொண்டு, வீட்டில் சண்டை போடத் தயாராக வந்து சேர்ந்தார்.

சண்டைக்கு ஆளில்லை. மனைவி மகளின் வாயைத் திறந்து அடைத்த பல்லைப் பார்த்தாள். பிறகு பிரஷ்ஷைக் கொண்டுவந்து டாக்டர் கையில் கொடுத்தாள்.

"கதவைச் சாத்திக்கோங்க. குழாயைச் சன்னமா திறங்க. எதிர்வீட்டுல கேக்கும்."

"சீட்?"

"சீட்டும் வேணும்," என்றாள். வாஷ்பேசின் ஓரத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்தாள். அதில் மைதா மாவைக் குழைத்து வைத்திருந்தாள். "சாயம் இதுலயும் பிடிக்குது, நாளைக்குப் பூசறதுக்கு இன்னிக்கே பழகட்டும்."

அப்பாவும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு திருடர்கள் மாதிரி பல் தேய்த்தார்கள். பட்டாணி அளவு பேஸ்ட். வாசல்காரர்களுக்கு வணக்கம் சொன்னார்கள். கத்திக்காரரை விசாரித்தார்கள். மில்லைப் பெருக்கினார்கள். டாக்டருக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது.

வாயைத் துடைத்துக்கொண்ட முயல் கிண்ணத்தில் விரலை விட்டு, முன்பல்லின் நடுவில் மைதாவை அப்பிக்கொண்டு சிரித்தாள். டாக்டர் பார்க்காத மாதிரி இருக்கத்தான் நினைத்தார். முடியவில்லை. படித்த படிப்பு விடவில்லை.

"அங்க இல்ல கண்ணு. ஈறோரமா போடு. அழுக்கு அங்கதான் முதல்ல சேரும். நடுவுல இருந்தா யாரும் நம்ப மாட்டாங்க."

முயல் ஈறோரமாகப் பூசினாள். "இப்ப?"

"கத்திக்காரரை விட்டுட்ட."

பேஸ்ட் வாசனை போகட்டும் என்று அவர் ஜன்னலைத் திறந்தார். தெருவில் எல்லா வீட்டுக் குளியலறையிலும் விளக்கு எரிந்தது. எல்லாவற்றிலும் குழாய் சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது. எதிர் ஜன்னலில் என்ஜினீயர் ஒரு சின்னக் கிண்ணத்தோடு நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டார்கள்.

மறுநாள் தேர்வில் வாய் பார்க்கும் பொறுப்பு டாக்டருடையது. என்ஜினீயர் பையன் மாத்திரையை மென்றுவிட்டு வந்து ஈ என்று காட்டினான். திட்டுத்திட்டாக, பல்லின் நடு மத்தியில், அசல் மைதா. டாக்டர் தகுதி உண்டு என்று எழுதினார். பையனை அழைத்துப் போக வந்த என்ஜினீயரிடம் மட்டும் தாழ்ந்த குரலில், "அடுத்த தடவை ஈறோரமா போடச் சொல்லுங்க," என்றார். அன்றைக்குத் தேர்வாகாத குழந்தையே இல்லை. இயக்குநருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. இவ்வளவு சீரான அழுக்கை அவர் எங்குமே பார்த்ததில்லையாம்.

இப்போது டாக்டர் வாரா வாரம் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார். பொம்மைத் தாடையை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்ததே இயக்குநர்தான். குழந்தைகளுக்குப் பற்படலம் பற்றிய விழிப்புணர்வு வேண்டும் என்று அவரே உத்தரவு போட்டிருக்கிறார். மைதாவை எங்கே, எவ்வளவு மெல்லியதாகப் பூச வேண்டும் என்பதை டாக்டர் தாடையில் தொட்டுக் காட்டுகிறார். பெற்றோர்களும் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிக்கிறார்கள். ஆனால் பூசுவதெல்லாம் கடைசிப் பாடம். முதல் பாடத்தில் அவர் கறாராக இருக்கிறார். காலையிலும் இரவிலும் ஒரு பல் விடாமல் நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் கிண்ணத்தைத் தொட வேண்டும். அழுக்கான பல்லில் மைதா ஒட்டாது என்று சொல்லி வைத்திருக்கிறார்.